பேச்சு விலக்கு

முகத்துவாரக்குப்பம்,
14-6-1953

அன்புள்ள பூமாரி அக்காவுக்கு, தம்பி கிருஷ்ணப்பன் எழுதுவது.

சுகமா என்று கேட்டால் கடுதாசியைக் கிழித்து அடுப்பில் போடுவாய். அதனால் கேட்கவில்லை.

கோர்ட்டில் பாதியிலேயே எழுந்து போய்விட்டாய். ஜட்ஜு சொன்னது இதுதான். எனக்கு வயசு இருபது, முதல் குற்றம், அதனால் ஜெயில் வேண்டாம், ஒரு வருஷம் நன்னடத்தை ஜாமீன். குப்பத்தை விட்டு வேறெங்கும் தங்கக்கூடாது, ஒழுங்காக வேலைக்குப் போக வேண்டும். புரோபேஷன் ஆபீசர் பக்தவச்சலம் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். தவறினால் உள்ளே போட்டுவிடுவார்கள்.

ஜட்ஜு விட்டார், குப்பம் விடவில்லை. மாமாவைத் துடுப்பால் அடித்தவனோடு யாரும் பேசக்கூடாது, அடுப்புக்கு நெருப்புத் தரக்கூடாது, கட்டுமரத்தில் ஏற்றக்கூடாது என்று பஞ்சாயத்தில் கட்டுப்பாடு. கிணற்றடிக்கு நான் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கடலுக்குப் போகாமல் வேறென்ன வேலை எனக்குத் தெரியும்? அடிபட்டவர் சம்சாரம், அதாவது நீ, கோயில் வாசலில் என் கையால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டால் கட்டுப்பாடு நீங்கும் என்று நாட்டாமை சபையில் சொன்னார். ஒருநாள் வந்து போ அக்கா.

வலைத் தகராறில் முதலில் கை ஓங்கியது மாமாதான். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

உன் தம்பி,
கிருஷ்ணப்பன்

ராயபுரம்,
20-6-1953

கிருஷ்ணப்பனுக்கு,

கை ஓங்கினாராம்! அந்தக் கைதான் சீழ் பிடித்து, முழங்கைக்குக் கீழே எடுத்தாயிற்றே. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறோம். அவருக்கு வேட்டி கட்டிவிடுவது நான். உனக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

உன் ஆபீசர் இங்கேயும் வந்தார். தண்டனை என்பது ஆளை ஒடிப்பதற்கு இல்லை, திருத்துவதற்கு என்று பாடம் நடத்தினார். “சாரு, அவன் திருந்திட்டா எங்க வூட்டுக்காரருக்குக் கை மொளைக்குமா?” என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு போனார்.

உன்னை மன்னிக்க ஜட்ஜு யார்? போனது அவர் கையா? இவனைச் சும்மா விட்டால் நாளைக்கு எவனும் துடுப்பைத் தூக்குவான் என்று நாட்டாமைக்குத் தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரியவில்லை. வெற்றிலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேச ஆளில்லாமல் கிட.

அப்பாவு சம்சாரம்,
பூமாரி

முகத்துவாரக்குப்பம்,
12-7-1953

பூமாரி அக்காவுக்கு,

உன் இஷ்டப்படியே கிடக்கிறேன். அடுத்த மாதமும் வேலை இல்லையென்றால் கோர்ட்டுக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். நீ ஆசைப்பட்ட ஜெயில்தான், சந்தோஷப்படு. கூடப் பிறந்தவளா நீ?

நேற்று மாமா தன் கட்டுமரத்தைப் பார்க்க வந்திருந்தார். மடித்துக் குத்தியிருந்த சட்டைக் கையைப் பார்த்ததும் குடிசைக்குள் ஓடி ஒளிந்தேன். அவர் வாசலில் வந்து நின்று, “இன்னாடா கிருஷ்ணா, கஞ்சி குட்ச்சியா?” என்று கேட்டார்.

ஆபீசரைத் தவிர்த்தால், கட்டுப்பாடு போட்ட பிறகு என் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான். வாய்விட்டு அழுதேன். போதுமா உனக்கு?

கிருஷ்ணப்பன்

ராயபுரம்,
19-7-1953

டேய் கிருஷ்ணப்பா,

அந்த ஒரு வார்த்தை எங்கள் குடியைக் கெடுத்துவிட்டது. கட்டுப்பாட்டை மீறிப் பேசினவனுக்கும் அதே கட்டுப்பாடு என்று நாட்டாமை இவரையும் விலக்கி வைத்துவிட்டார். கை போனவருக்கே தண்டனை! எங்கள் கட்டுமரத்தை எடுத்துப் போய் மீனில் பங்கு தந்துகொண்டிருந்தவர்கள், அதைக் கரையில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் அடுப்பு எரிந்ததே அந்தப் பங்கில்தான்.

பேசவில்லை என்று கோயில் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறார்களாம். இந்த மனுஷன் சொல்ல மாட்டேன் என்கிறார். “பேசினேன். நாளைக்கும் பேசுவேன். கை என்னோடதுதானே, நாட்டாமையோடதா?” என்று என்னிடம் பாய்கிறார். மூன்று நாளாக எங்களுக்குள் சண்டை.

இல்லாவிட்டால் நீ குப்பத்தை விட்டு ஒழிய வேண்டும், அப்போது இவர் மேலுள்ள கட்டுப்பாடும் போய்விடுமாம். உன் கை வெற்றிலையை மட்டும் நான் வாங்க மாட்டேன். போய்த் தொலையேன்டா! எங்களை ஏன் பிடித்து ஆட்டுகிறாய்?

பூமாரி

முகத்துவாரக்குப்பம்,
2-8-1953

பூமாரி அக்காவுக்கு,

போகிறேன். ஜாமீன் இருக்கும்வரை குப்பத்தை விட்டு வேறெங்கும் போக வழியில்லை, ஜெயிலுக்குத்தான் போகலாம். அதையே ஆபீசரிடம் கேட்டுவிட்டேன். “பைத்தியமாடா உனக்கு? உன்னை வெளியே வைக்க நான் என்ன பாடு பட்டேன்!” என்று கத்தினார். எனக்கு வேலை இல்லை, கிடைக்கவும் கிடைக்காது என்று எழுதச் சொன்னேன். பத்தாம் தேதி திங்கட்கிழமை கோர்ட்டு.

அங்கே பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன ஆளிருக்கும். வைவதற்காவது வாயைத் திறப்பார்கள். மாமாவிடம் சொல்லிவிடு, அன்றைக்கு நான் கஞ்சி குடிக்கவில்லை.

கிருஷ்ணப்பன்

ராயபுரம்,
6-8-1953

கிருஷ்ணப்பனுக்கு,

போய்த் தொலை என்றால் உடனே கிளம்பிவிடுவதா? அவர் கையை எடுத்துவிட்டு, சர்க்கார் சோறு தின்ன உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாயா? அவ்வளவு சுலபமாக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா?

கவிழ்த்துப் போட்ட மரத்தைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. நீ தொடு. விலக்கப்பட்டவன் விலக்கப்பட்டவனோடு கடலுக்குப் போனால் இன்னும் என்ன விலக்கிவிடுவார்கள்? நீ துடுப்புப் போடு, அவர் முன்னால் உட்கார்ந்து திசை சொல்லட்டும். மீனை நான் ராயபுரத்துக்குக் கொண்டுவந்து விற்கிறேன், இங்கே நாட்டாமையின் அதிகாரம் செல்லாது.

இன்று ஆபீசரைப் பார்த்து, உனக்கு அப்பாவு மரத்தில் வேலை என்று சொல்லிக் கைநாட்டு வைக்க வைத்தேன் இவரை, இடது கையால். திங்கட்கிழமை கோர்ட்டில் அதையே சொல்.

சனிக்கிழமை முதல் வண்டியில் எண்ணூர் வந்து இறங்கிக் குப்பத்துக்கு வருகிறோம். குடிசையைப் பெருக்கி வை. மூன்று பேருக்கும் நான்தான் பொங்குவேன். உன் தட்டில் சோறு விழும். அவர் உன்னோடு வாய் ஓயாமல் பேசுவார், அது அவர் பாடு.

நான் பேச மாட்டேன். ஜட்ஜு போட்டது ஒரு வருஷம், குப்பம் போட்டது வெற்றிலை வாங்கும்வரை. நான் போடுவதற்குக் கெடு கிடையாது. என் எதிரே உட்கார்ந்து தின்னு, அக்கா என்று மட்டும் கூப்பிடாதே, நான் திரும்ப மாட்டேன்.

இதற்குப் பதில் போடாதே.

பூமாரி