இரண்டு கிராம் அழுத்தம்

நிலாச் சுரங்கம், மேல்நிலையம். பதிபவன்: பரிதி, மின்னணுப் பிரிவு.

நாள் 211, 16:00
அரையாண்டுச் சோதனை. அவசர இசைத்தட்டில் தூசி இல்லை. ஓட்டிப் பார்க்கவில்லை. படிவத்தில் ‘சரி’.

நாள் 212, 07:10
சூரியப் புயல். நினைவகம் மொத்தமும் காலி, பூமித் தொடர்பும் போச்சு. கீழறைக் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே ஜெபராஜ் அண்ணன், தோண்டும் பிரிவு. பம்பு வழியாக அவருக்கு நண்பகல் வரைதான் காற்று. எட்டு ஒலிகள் வரிசையாகக் கேட்டால் கதவு திறக்கும். அவை இப்போது அந்த இசைத்தட்டில் மட்டுமே இருக்கின்றன.

08:05
இசைத்தட்டு முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் 47 கிலோ ஓம் மின்தடை லோடு கேட்கிறது. பூமியில் எவனோ பத்து கிலோ ஓம் மைக் உள்ளீட்டில் செருகி அனுப்பியிருக்கிறான். உச்ச ஒலிகள் செத்துப்போய் வருகின்றன, கதவு மதிக்கவில்லை. மடையன். மின்தடையை மாற்றினேன்.

09:30
லோடு சரி. ஆனால் முள் துள்ளுகிறது. விவரத்தாளில் உள்ளபடி முள்ளின் அழுத்தத்தை டயலில் இரண்டு கிராம்தான் வைத்தேன். மூன்று முறை ஓட்டியாயிற்று.

கீழறையிலிருந்து: “ஏலே, பாட்டுப் போடுறியா, தகரத்தச் சுரண்டுறியா? எங்கூரு மைக் செட்டுக்காரன் இந்நேரம் பந்தியே முடிச்சிருப்பான்.”

இரண்டு கிராம் வைத்ததைச் சொன்னேன்.

“நிலா கிராமா, பூமி கிராமா? நான் கல்லு நிறுத்தா ஆறால பெருக்குவேம்லா.”

09:34
நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு. முள் தடத்தில் உட்காரவே இல்லை. குதித்துக் குதித்துச் சுவரைக் கொத்தியிருக்கிறது. மூன்று முறை. பொறியாளன் நான்.

10:25
முள்ளைத் தாங்கும் டோன் ஆர்மின் பின்எடையை அதற்குமேல் நகர்த்த மரை இல்லை. முள் இருக்கும் முனையில், ஆர்மின் மேல், பத்து கிராம் ஈயம் ஒட்டினேன். அழுத்தம் சரி. ஆர்ம் கனத்ததால் அதன் இயல்பதிர்வு பத்து ஹெர்ட்ஸிலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டது. காற்றுப் பம்பு அதிர்வதும் எட்டில். ஆர்ம் ஆடுகிறது. பம்பை நாலு நிமிடம் நிறுத்தினால்தான் ஓட்டலாம். குழாயோ கசிகிறது, கீழே அழுத்தம் மளமளவென்று இறங்கும்.

“நிறுத்துலே. நாலு நிமிசம் மூச்சடக்க மாட்டனா? முத்துக்குளிச்ச வம்சம்.”

10:41
நிறுத்தினேன். ஓட்டினேன். முள் அசையவில்லை. ஏழு ஒலிகள் கண்ணாடி மாதிரி வந்தன. பிறகு வெறும் இரைச்சல். கதவு திறக்கவில்லை. பம்பைப் போட்டுவிட்டேன்.

10:50
உருப்பெருக்கியில் பார்த்தேன். எட்டாவது ஒலிக்குத் தடமே இல்லை. காலையில் நான் உழுதுவிட்டேன்.

“ஏழு கேட்டுச்சு தம்பி... நல்லாத்தான் இருக்கு. இன்னொருக்கா போடு. நான் தாங்குவேன்.”

11:20
இன்னும் சொல்லவில்லை.

11:48
“போட்டியா?” என்கிறார். “போடுறேண்ணே” என்றேன். பம்பு ஓடுகிறது. தட்டைத் தொடவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு அவர் எட்டாவது ஒலிக்குக் காத்திருக்கிறார்.