மூளையைக் கேட்காத கால்

சோல் 211 (சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள்), காலை. செவ்வாய்க் கிரகம், மூன்றாம் பனிக்கிணறு.
பதிவு: மருத்துவர் செண்பகவடிவு

வெளியே தூசிக்காற்று. சூரியத் தகடுகள் பாதி மின்சாரம்தான் தருகின்றன. பனியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் துளைப்பொறி நிற்கிறது. நிலையத்தில் நாங்கள் இருவர். இன்னொருவன் துளைப்பாளர் கஸ்பார், தூத்துக்குடிக்காரன். துளைப்பொறியின் கை மோதி நெஞ்செலும்பு நொறுங்கியதால் குளிர்தூக்கப் பெட்டியில் கிடக்கிறான். எலும்பு நன்றாக ஒட்டி வருகிறது. அடுத்த வாரம் எழுப்பலாம்.

எனக்கு வழக்கமான சுயபரிசோதனை. முழங்கால் சிப்பிக்குக் கீழே சுத்தியலால் ஒரு தட்டு. கால் உதைத்தது. தட்டியதும் தொடைத்தசை இழுபடுகிறது. அந்தச் சேதி உணர்ச்சி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே ஒரே ஒரு கைமாற்றல். இயக்க நரம்பு உத்தரவோடு திரும்பிவிடுகிறது. இதுதான் அனிச்சை வில். மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும், கல்யாணம் முடிந்து வந்து சேரும் பத்திரிகை மாதிரி.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், அடுத்த கப்பலில் குடிக்கிற மாதிரி காபித்தூள் அனுப்பச் சொல்லுங்கள்.

சோல் 212, முற்பகல்

பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டிலிருந்து அதிகாரி விசாகனின் சேதி:

"டாக்டர், கிணறு சும்மா நிக்கிறதை மேலிடம் விரும்பல. நாளைக்கு மதியம் பெட்டியோட மின்சாரத்தை இங்கிருந்தே துளைப்பொறிக்கு மாத்துறோம். கஸ்பார் விஷயத்துல எங்களுக்கும் வருத்தம்தான். நீங்க ஒத்துழைக்கணும்."

வருத்தம்தானாம். மின்சாரம் நின்றால் அவன் மூச்சும் நிற்கும். இப்போதே எழுப்பலாம் என்றால், அதற்கும் அந்தப் பெட்டி ஒன்றரை நாள் ஓடியாக வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் உடனே பதில் அனுப்பினேன்:

"முடியாது சார். ஆளைக் கொன்னுட்டுத் தண்ணி எடுத்து யாருக்குக் குடிக்கக் குடுப்பீங்க? பெட்டிக்குப் பின்னால அவசர நெம்புகோல் இருக்கு. இழுத்தா துளைப்பொறியோட பேட்டரி பெட்டிக்கு மாறிரும், தானா அவனை எழுப்பவும் ஆரம்பிச்சிரும். அப்புறம் உங்களால ஒண்ணும் செய்ய முடியாது. இழுக்கத்தான் போறேன்."

இழுத்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் எப்போதும் என் கைக்கு முன்னால் ஓடும். சேதி இங்கிருந்து பூமிக்குப் போய்ச் சேரப் பல நிமிடம் ஆகும், அதற்குள் போய் இழுத்திருக்கலாம். நான் உட்கார்ந்து அடுத்த திட்டுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது: "நெம்புகோலை இழுப்பது தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது."

வேலைக்குச் சேரும்போது எல்லோர் மூளையிலும் ஒரு பணிச்சில்லு வைப்பார்கள். தடைப்பட்டியலில் உள்ள செயலுக்கு மூளை உத்தரவு போட்டால், சில்லு அதை அங்கேயே விழுங்கிவிடும். நாங்கள் தவறான பொத்தானை அழுத்தாமல் இருக்கத்தானாம். ஓடிப்போய் நெம்புகோலைப் பிடித்தேன். இழுக்க நினைத்ததும் கை துவண்டு தொங்கியது. மறு கையும் அப்படியே. தலையால் முட்டிப் பார்த்தேன், கழுத்தும் துவண்டது. இவ்வளவு அவமானம் எனக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை.

சோல் 212, மாலை

அழுது முடித்துவிட்டு யோசித்தேன். சில்லு இருப்பது மூளையில். மூளை போடும் உத்தரவைத்தான் அது ஒட்டுக்கேட்கிறது. தண்டுவடத்தில் யாரும் எதுவும் வைக்கவில்லை.

நெம்புகோலில் கயிறு கட்டினேன். கட்டுவது பட்டியலில் இல்லை. மறுமுனையை என் கணுக்காலில் கட்டி, நெம்புகோலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முழங்காலில் தட்டினேன். உதை வந்தது. கயிறு விறைத்தது. நெம்புகோல் அசையவில்லை. முழங்கால் உதைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

சுடுவதிலிருந்து காலை உருவிக்கொள்ளும் அனிச்சைக்குப் பலம் அதிகம். அதில் கால் முழுவதும் மடங்கும். கம்பிகளுக்கு ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்று இருக்கிறது.

சோல் 213, காலை

இப்போது நெம்புகோலைப் பார்த்து உட்கார்ந்து, கயிறு கட்டிய காலை நீட்டிக்கொண்டேன். உள்ளங்காலில் சூட்டை வைத்தேன். கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. தோல் பொசுங்கும் வாடை.

காரணம் தெரியும். கொதிக்கும் சாம்பார்க் கிண்ணத்தை மேசையில் வைக்கும்வரை நாம் கீழே போடுவதில்லை. அனிச்சையைத் தொடங்க மூளை தேவையில்லை. ஆனால் கூட்டவும் குறைக்கவும் மூளையால் முடியும். அந்த வழி வேறு, சில்லு அதைத் தொடுவதில்லை. நான் பயந்து என் காலை நானே அடக்கியிருக்கிறேன். நோயாளிக்கு உதை சரியாக வராவிட்டால் பல்லைக் கடிக்கச் சொல்வோம், உதை பெரிதாகும். மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்த வித்தை, எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

பல்லைக் கடித்தேன். வைத்தேன்.

கால் மடங்கிய பிறகுதான் எரிச்சல் வந்தது. நெம்புகோல் கீழே இறங்கிவிட்டது. பெட்டியில் பச்சை விளக்கு. ஒற்றைக்காலில் நின்று சிரிக்கிறேன்.

தன் காலைத் தானே சுட்டுக்கொள்ளும் கிறுக்கியை அவர்கள் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

சோல் 213, பிற்பகல்

விசாகன்: "டாக்டர், இது ஒப்பந்த மீறல். உங்க இயக்கம் முழுசையும் தடை பண்றோம். பத்து நிமிஷத்துல அமலுக்கு வரும்."

என் பதில்: "பண்ணுங்க. பையன் நாளைக்கு எழுந்திருவான்."

இடது கை போய்விட்டது. முகம் மரத்துவிட்டது. ஒற்றை விரலால் எழுதுகிறேன். கஸ்பார், நான் செத்துவிட்டதாகச் சொல்வார்கள். நம்பாதே. மூச்சு நிற்காது, காது கேட்கும். சுத்தியல் மேசை இழுப்பறையில். காலையில் எழுதியதைப் படி. அடக்கவும் கூட்டவும் முடியும் என்று. என் முழங்கா

சோல் 214, மாலை
பதிவு: கஸ்பார், துளைப்பாளர்

எழுந்துவிட்டேன். நெஞ்சு வலிக்கிறது. டாக்டரக்கா நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். கண் மூடியிருக்கிறது. கிள்ளினாலும் முகம் அசையவில்லை. மூச்சு வருகிறது. உள்ளங்காலைப் பார்த்து நான் அழுதேன்.

தரையிலிருந்து சேதி: "கஸ்பார், டாக்டருக்கு மூளைச்சாவு. உடலைப் பையில் போட்டு வெளியே வெச்சிட்டுத் துளைப்பொறியை ஓட்டு. கால் கை ஆடினா பயப்படாதே. அது வெறும் அனிச்சை."

அக்கா எழுதியது எல்லாவற்றையும் படித்தேன். பிறகு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து தட்டினேன். கால் உதைத்தது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, செத்த மூளைக்கும் இது நடக்கும் என்று எனக்கே புரிந்தது.

"அக்கா, கஸ்பார் பேசுதேன். நான் சொல்லுதது கேட்டா காலை அடக்குங்க."

தட்டினேன். கால் அசையவில்லை.

"இப்ப விடுங்க."

உதைத்தது. மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"அக்கா, உங்களப் பையில போட்டு வெளிய வைக்கச் சொல்லுதாங்க. சரின்னா அடக்குங்க. வேண்டாம்னா உதைங்க."

தட்டினேன். உதை என் நெஞ்சில் விழுந்தது. ஒட்டின எலும்பு மறுபடி விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தரைக்கு அனுப்பியது: "சார், அக்கா உசுரோட இருக்காங்க. என் நெஞ்சுல மிதிச்சே சொல்லிட்டாங்க. உங்க சில்லு தடுக்கத்தான் செய்யும், வேலை செய்ய வைக்காது. என்னையும் முடக்கினா கிணத்துல தண்ணி எடுக்க ஆள் கிடையாது. அக்காவ விடுங்க. அதுவரைக்கும் நான் துளைப்பொறியத் தொட மாட்டேன்."

பதில் வர நேரமாகும். அதுவரை தட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா உதைத்துக்கொண்டிருக்கிறார்.