பேச்சியம்மாளின் குரல் இருந்த இடம்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய ஐயா,

பல்கலைக்கழகத்தில் நீங்கள் நடத்திய நாடக வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தபடி கேட்கிறேன். உங்கள் நாடகத்தின் மறுபதிப்புக்குப் பதிப்பகத்தார் என்னிடம் முன்னுரை கேட்டிருக்கிறார்கள். எழுத ஓடவில்லை. ஒரு சந்தேகம் குறுக்கே நிற்கிறது.

பட்டாளத்தில் இறந்த மகனின் பூட்டிய பெட்டி வீட்டுக்கு வருகிறது. தாய் என்ன சொல்வாள்? ஒரு வகுப்பில் இதுதான் நீங்கள் கொடுத்த பயிற்சி; அந்தப் பதிவும் இருக்கிறது. நான் ஒப்பாரியே வைத்துவிட்டேன். "ஏலே சுப்பையா, அம்புட்டையும் நீயே அழுதுட்டா பாக்க வந்தவன் என்னத்தலே செய்வான்?" என்கிறீர்கள். வகுப்பு சிரிக்கிறது. உடனே என்னோடு படித்த பேச்சியம்மாள், "ஐயா, நான் சொல்லட்டா?" என்கிறாள்.

அதன்பின் அவள் குரல் இல்லை. உங்கள் குரல்தான் வருகிறது: "பூட்ட உடைக்காதீங்க. சாவி அவங்கிட்ட இருக்கு."

அவள் சொன்னதல்லவா அது? உங்கள் நாடகத்தின் கடைசி வசனமாக அதைக் கேட்டபோது, அவளிடம் கேட்டுத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நம்பினேன்.

முதலில் உங்கள் மகன்மேல்தான் சந்தேகப்பட்டேன். கேசட்டுகளைக் கொடுத்தவர் அவர். ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். "நான் எதையும் தொடல அண்ணாச்சி, நீங்களே கேளுங்க" என்று மூலக் கேசட்டைப் போட்டார். அவள் கேட்டு முடித்ததும் மேசையில் டக், டக். ஒவ்வொரு பதிவையும் நீங்கள் தொடங்கும் தட்டு. வகுப்பின் நடுவே அது எதற்கு? இணையப் பிரதியில் இரைச்சலென்று நீக்கிவிட்டார்கள் போலும்.

வாத்தியார் வேலையில், விடைத்தாளில் பாதியில் மை மாறினால் அங்கே நிறுத்தி மறுபடி படிப்பேன். இங்கே உங்கள் குரலே மாறியிருந்தது. வயதான கரகரப்பு. அவள் குரலின்மேல் பிற்காலத்தில் பதிந்திருக்கிறீர்கள். டேப் பழுதாகி, சரிசெய்யப் பார்த்தீர்களா? அப்படியானால் அவள் பெயரை ஏன் சொல்லவில்லை?

சுந்தரபாண்டியம் போய்ப் பேச்சியம்மாளிடம் சொன்னேன். சிரித்தாள். "ஏலே வாத்தியாரே, இதக் கண்டுபிடிக்க உனக்கு இம்புட்டு வருசமா?" பிறகு சிரிப்பு நின்றது. "எங்கண்ணன் பெட்டி வந்தப்ப எங்கம்மா சொன்னதுதாம்லே அது. ஐயா ஒரு வார்த்த கேட்டிருந்தா சந்தோசமாக் குடுத்திருப்பேன்."

நான் உங்களைத் திட்ட மாட்டேன் ஐயா. ஆனால் முன்னுரை குருவம்மாள் என்ற பெயரில்தான் தொடங்கும். பேச்சியம்மாளின் தாய். அந்தப் பெயரைப் பதிப்பகத்தார் எடுக்கச் சொன்னால் என் பெயரும் அந்தப் புத்தகத்தில் இருக்காது.

இப்போதும் உங்கள் பிள்ளைகளில் ஒருவன்,
சுப்பையா