கோமதியின் பெட்டிக்குப் போட்ட தையல்

என் பிரியமுள்ள பேச்சியம்மாளுக்கு,

இந்த மனுசன் கையெழுத்தா இது என்று நீ மலைப்பாய். நானேதான். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ராஜபாளையத்தில் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற முதியோர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆறட்டுமே. டீச்சர் இதை எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்கப் போகிறார். நாலு பேர் படிப்பார்கள், கோபித்துக்கொள்ளாதே.

நம் கோமதி இங்கிலாந்தில் படிக்கிறாள், பேச்சி! கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் மறைகிற வரை நின்று பார்ப்பாயே, அந்தப் பிள்ளைதான். நம் இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள், இப்போது ஸ்காலர்ஷிப் வாங்கிக் கடல் தாண்டிப் போயிருக்கிறாள்.

ஆனால் லேசில் கிளம்பவில்லை. நீ போன துக்கம் வீட்டில் அப்படியே இருந்தது. பெட்டியில் துணியை அடுக்குவாள், என் முகத்தைப் பார்ப்பாள், எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைப்பாள்.

"நீங்க தனியா என்னப்பா செய்வீக? நான் போகல."

"ஏட்டி, எனக்குச் சோறு பொங்கத் தெரியாதா? ஒங்க அம்மா ரசத்தவிட என் ரசம் நல்லாருக்கும்." அது பொய். உனக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில், தோழிகளிடம் சொல்லிக்கொள்ள அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். அதுதான் சமயம் என்று பெட்டியை நிரப்பி மூடினேன். மில்லில் நூல் மூட்டையை பேல் பேலாகக் கட்டுகிற மாதிரியே சாக்கைச் சுற்றி, கோணி ஊசியால் இறுக்கித் தைத்துவிட்டேன். இனி எப்படிப் பிரிப்பாள்? பேல் என்றால் மேலே கறுப்பு மையில் எழுத்து வேண்டுமே. மில்லில் கழித்துப்போட்ட, எழுத்து வெட்டிய அச்சுத் தகடு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை வைத்து நாலு பக்கமும் மை தீட்டினேன். என்ன எழுத்து என்று அப்போது யார் கண்டது?

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குத் தெருவே வேனில் வந்தது. நாங்கள் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கோமதி. சாமான் சோதிக்கிற மலையாளத்து அதிகாரி, நம் பெட்டியைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

"எந்தா இது, நூல் மூட்டையோ? கொக்கி போட்டுத் தூக்காதேன்னு இங்கிலீஷில எழுதியிருக்கு!"

"என் பெட்டிதான் சார்."

"தொறந்து காட்டணும். இல்லெங்கில் போகாது."

தெருச்சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் திறந்தால், துணியை எடுத்துக்கொண்டு என்னோடு வேனில் ஏறிவிடுவாளோ?

கோமதி தடுப்பருகே வந்தாள். "அப்பா, முடிச்ச எந்தப் பக்கம் போட்டீக?"

"கைப்பிடிக்குக் கீழ."

அதிகாரியிடம் பிளேடு வாங்கி அந்த முடிச்சை அறுத்து இழுத்தாள். சணல் முழுசும் ஓடி வந்தது. சோதனை முடிந்தது. கிளறிய பெட்டி மூட மாட்டேன் என்றது. அதன் முன்னால் நின்றபடி என்னைப் பார்த்தாள். வீட்டில் பார்த்த அதே பார்வை. நான் போ என்று சொல்லவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. அந்த நேரம் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"ஊசி இருக்காப்பா?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புதுச் சுடிதாரோடு தரையில் உட்கார்ந்து, மூடியை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, அதே சணலால் சாக்கைத் தைத்தாள் பார்! கோணலும் மாணலுமாக. மில்லில் என்றால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பியிருப்பார்.

"ஏட்டி, போதும், பிளேன் போயிரும்!" என்று இங்கிருந்து கத்தினார்கள்.

"செத்த நேரம் இருங்க!" என்று கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். "போயிட்டு வாரேம்ப்பா." பெட்டியைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

நான் பிடித்துத் தள்ளித்தான் போனாள் என்று இனி யாரும் சொல்ல முடியாது, பேச்சி. நீயும்தான்.

அங்கே பனி கொட்டுகிறதாம். முதல் வருசப் பரீட்சையில் தேறிவிட்டாள். பட்டம் வாங்குகிற அன்று, அவள் பெயரையும் அதற்குப் பின்னால் வருகிற பட்டத்தையும் இங்கிலீஷில் நானே எழுதி உன் படத்துக்குக் கீழே ஒட்டுவேன். டீச்சரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை 'ஏ' ஆரம்பிக்கிறோம்.

இப்படிக்கு,
கோமதியின் அப்பா, உன் வீட்டுக்காரன்
சுப்பையா