பதினெட்டு சதவீத ஈரம்

ஆகஸ்ட் 3

அண்ணா,

உன் மலைமேல் சிக்னல் இல்லாத குறைக்கு நான் கடிதம் எழுதிப் பழகிவிட்டேன். ஜீப் டிரைவர் இதையாவது தொலைக்காமல் கொடுத்தால் சரி.

நீ போட்ட காட்டுத்தீத் தடையால் மூன்று வாரமாக மரம் வெட்டும் வேலை நின்று, உன் மாப்பிள்ளை வீட்டையே சுற்றிச் சுற்றி வருகிறார். நன்றாக இருந்த கதவைக் கழற்றி மாட்டினார். இப்போது அது மூடுவதில்லை. "உங்கண்ணன் சருகை வறுத்துப் பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாமா?" என்று என்மேல் பாய்கிறார். திங்கட்கிழமைக்குள் தடை நீங்காவிட்டால் இவர்களை வேறு காட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். திரும்பிவர ஒரு வருஷம். எனக்கு எட்டாம் மாதம் அண்ணா. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. ஏதாவது செய்யேன்.

உன் வாலு

ஆகஸ்ட் 6

வாலுக்கு,

குடம் கிடம் தூக்காதே. நான் வேண்டுமென்றா தடை போட்டேன்? மாப்பிள்ளை வெட்டுகிற வெயில் சரிவில் போன வருஷம் பனி போதவில்லை, இந்த வருஷம் மழையே இல்லை. தண்ணீர் கிடைக்காத பைன் மரத்தில் பிசின் சுரக்காது. பிசின் இல்லாவிட்டால் வண்டு சுலபமாகப் பட்டையைத் துளைத்துவிடும். நின்றபடியே செத்த மரங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். அங்கே சருகை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் ஈரம் ஆறு சதவீதம். பத்துக்குக் கீழே போனால் ரம்பத்தின் ஒரு பொறி போதும், காடே எரிய.

இதே மலையின் மறுபக்கம் மேகம் படிகிற சரிவு. கிளையெல்லாம் பாசி, மிதித்தால் தரை அமுங்குகிறது. அங்கே பதினெட்டு இருக்கும். நான் ஆபீசுக்கு அனுப்பும் படிவத்தில் எந்தச் சரிவு என்று கேட்கும் கட்டமே கிடையாது.

பார்க்கிறேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 11

அண்ணா,

உன் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும்! ஆபீஸ் பலகையில் பதினெட்டு என்று எழுதித் தடையை நீக்கிவிட்டார்களாம். காலையில் விசிலடித்துக்கொண்டே கிளம்பினார். "புள்ள பொறந்ததும் மொதல்ல மாமன் மடியிலதான் போடணும்" என்றார். கதவைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

வாலு

ஆகஸ்ட் 19

வாலுக்கு,

அடக்கத்தன்று நீ என் பக்கம் திரும்பவே இல்லை. காற்று திசை மாறித் தீ திரும்பியபோது வெட்டப் போன நாலு பேரில் மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத்தான் வழி கிடைக்கவில்லை.

அந்தப் பதினெட்டு மறுபக்கத்துச் சருகு. மேகம் கலைவதற்குள் போய் நானே அள்ளினேன். எண் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை விசாரணை. யாரும் கேட்காமல் நானாகச் செய்ததாகச் சொல்லப்போகிறேன். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். திட்டியாவது இரண்டு வரி எழுது.

அண்ணன்

ஆகஸ்ட் 23

அண்ணா,

நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஆறு என்று நீ எழுதியது என் கையில் இருந்தது. ஐந்து நாளில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆறு எப்படிப் பதினெட்டு ஆகும் என்று கேட்க எனக்குத் தோன்றாமல் இல்லை. கேட்டால் அவர் வேறு காட்டுக்குப் போய்விடுவார் என்று, சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

நீ எழுதிய அந்தக் கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். ஏதாவது செய் என்று நான் உன்னைக் கேட்டதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ ஒருவனாகச் சுமக்கப் பார்க்காதே.

குழந்தை பிறந்தால் தகவல் வரும். வராதே. உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. உன் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

தங்கை