மலையில் ஒரு பொய் விரதம்

அன்பு மகள் அபிநயாவுக்கு அம்மா எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு தூக்குவாளியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அடுப்பில் பால்கூட வைக்காமல் இதை எழுத உட்கார்ந்தேன். அது நம் வீட்டுத் தூக்கு இல்லை, யாருடையது என்று பிறகு சொல்கிறேன். நானும் அப்பாவும் சுகம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் கரும்புக்குக் கவலை இல்லை. உன் இருமல் நின்றதா? போனில் பேசினால் நான் திட்டுவேன், நீ சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன், ரயிலில் போகும்போது நிதானமாகப் படி.

அங்கே வேலையில் லீவு கிடைத்ததும் வேகமான ரயிலில் ஏறாமல், ஊருக்கு ஊர் நிற்கும் சின்ன ரயிலிலும் கால்நடையாகவும் ஜப்பான் கிராமங்களைப் பார்க்கப் போகிறேன் என்று நீ கிளம்பியதிலிருந்து எனக்குப் பயம்தான். ஆனால் முதலில் எல்லாம் சொன்னாய். மழையில் நின்ற உன்னை வயலிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள் வீட்டுக்கு அழைத்துப் போனது, விருந்தாளி முதலில் குளித்தால்தான் வீட்டார் அந்த வெந்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள் என்று தெரியாமல் நீ வெட்கப்பட்டு வேண்டாம் என்றது, அவரும் அவர் வீட்டுக்காரரும் அந்தக் குளிரில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தது, மறுநாள் டப்பா நிறையப் பழம் கொடுத்தனுப்பியது. நான் அதைக் கேட்டு மகிழவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் ஒரு பொம்பளைப் பிள்ளை குளிப்பாளா என்று கத்தினேன். அன்றிலிருந்து நீ நல்லா இருக்கேன்மா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். எனக்கு அதுதான் பெரிய பயமாகிவிட்டது.

இதற்கு நடுவில் உன் சின்னராசு சித்தப்பா வந்து, இன்னா அண்ணி, பொண்ணை வேலைக்கு அனுப்புனீங்களா, காசி யாத்திரைக்கு அனுப்புனீங்களா என்று கேட்டுக்கினே காபியைக் குடித்தார். அவர் போனதும் அப்பா, சுத்தினது போதும், ரூமுக்குத் திரும்பச் சொல்லு, நான் சொன்னா கோச்சிக்கும் என்று அதை என் தலையில் கட்டிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்வதாக இருந்தேன்.

அன்று காலை வெள்ளிமலையில் எங்கள் பள்ளி டீச்சர் வீட்டுக் காதுகுத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது பஸ் படுத்துவிட்டது. நல்ல மழை. மற்றவர்கள் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போனார்கள். நனைந்து நின்ற என்னை ரோட்டோர வீட்டிலிருந்து ஆயம்மாள் என்பவர் கூப்பிட்டார். நான் டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ, இன்னாங்க, மழைக்குப் பாடம் நடத்துறீங்களா, உள்ள வாங்க என்றார். துண்டு கொடுத்தார், நாற்காலி போட்டார். சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் ஆயிடுச்சு, ஒரு வாய் சாப்பிடுங்க என்றதும் என் வாய் தானாகவே, இன்னைக்கு விரதம்ங்க என்றது. மலைக்காரர் வீட்டில் கை நனைக்காதே என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தராமலே தெரிந்து வைத்திருந்தேன்.

அவர் சரிங்க என்று சட்டியை மூடிவிட்டார். காட்டிலிருந்து அவர் வீட்டுக்காரர் கரியன் வந்தார், கை கால் கழுவினார், சும்மா உட்கார்ந்தார். குழம்பு வாசனையில் என் வயிறு கூவியது. அவர்கள் ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. கடைசியில் கரியன்தான் தலையைச் சொறிந்துகொண்டு, கோச்சிக்காதீங்க, உங்க சாமி எப்பங்க சோறு துன்ன விடும், வந்தவங்க பட்டினியா குந்திக்கினு இருக்க நாங்க எப்படித் துன்றது என்று கேட்டார். சாமி விசயத்துல வாயை வெக்காத என்று ஆயம்மாள் அவரை அதட்டினார். எனக்கு உன் ஜப்பான் பெரியவர் தோளில் துண்டோடு நிற்பது கண்ணில் வந்தது. முடிஞ்சிடுச்சுங்க, இப்பவே முடிஞ்சிடுச்சு என்று எழுந்து கை கழுவினேன். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம், குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பஸ் தயாரானபோது மிச்சத்தைத் தூக்கில் ஊற்றி, வூட்டுக்காரருக்குக் குடுங்க என்றார் ஆயம்மாள். உன் அப்பா அதைக் காதுகுத்து வீட்டுக் குழம்பு என்று நினைத்து விரலைச் சப்பிச் சாப்பிட்டார். நான் திருத்தவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியதையும் அன்று சொல்லவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன் அபி. எங்கே தங்கினாலும் இடத்தின் பெயரை அனுப்பு, மனசுக்குச் சரியில்லை என்றால் யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிடு. ஆனால் யாராவது பசிக்கிறதா என்று கேட்டால், பசித்தால் பசிக்கிறது என்றே சொல். அப்புறம் எனக்கும் முன்போல எல்லாம் சொல்லு, கத்தாமல் கேட்பேன், கத்தினாலும் கேட்பேன். நீ போகும் வழியெல்லாம் நல்லவர்களே வரட்டும், நம் குலசாமி துணையிருக்கட்டும். பழம் கொடுத்த அம்மாளின் டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதே, நான் அனுப்பிய கடலை மிட்டாய் மிச்சமிருந்தால் போட்டுக் கொடு.

ரூமுக்குத் திரும்பு என்று நான் சொல்லப்போவதில்லை, நீ நடந்து முடி. வருகிற ஞாயிறு இந்தத் தூக்கு நிறைய அதிரசம் போட்டு, எங்கே என்று சொல்லாமல் உன் அப்பாவை மலைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். ஆயம்மாள் வீட்டில் சாப்பிட வைத்து, நம்ம பொண்ணும் அங்கே இப்படித்தாங்க சாப்பிடுது என்று அங்கேயே சொல்வேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா விரதம் என்று வாயெடுத்தால், இவருக்கு ஒரு விரதமும் கிடையாது, தட்டை வையுங்க என்று நானே முந்திக்கொள்வேன்.

உன் அம்மா,
தங்கமணி