அப்பா அறையின் கூரை

நல்லூர், திருப்பூர்
8.6.1994

அன்புத் தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு அக்கா பூவாத்தாளின் ஆசிகள். நானும் உன் மச்சானும் சுகம். பம்பாயில் நீயும் எஸ்தரும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் மழைச் சேதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே பேய்மழை. பழக்கத்தில் வாளியும் போசியும் தூக்கிக்கொண்டு மாடி அறைக்கு ஓடினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. போன வருஷம் இதே மழைக்கு அப்பாவின் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துப் போட்டோம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர், சாமானைப் போல நகர்த்துகிறார்களே என்று கண் கலங்குவார். இந்தத் தடவை மழைச் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிவிட்டார்.

வெயிலையும் சொல்ல வேண்டும். கீழே முழுக்க நம் பனியன் யூனிட்டின் தையல் மெஷின்கள், அவரை மாடியில்தான் படுக்க வைக்க முடிந்தது. மேலே காங்கிரீட் கொதித்து, முதுகெல்லாம் படுக்கைப் புண். அதை எழுதியதும் மாசியில் லீவு போட்டு ஓடிவந்தாய். குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கூரை போடுகிற நீ, அப்பா அறைக்கு மேலே மொட்டை மாடி விரிசல்களை அடைத்து, தார் பூசி, கெட்டித் தெர்மகோல் பலகைகளைச் சந்து இல்லாமல் அடுக்கி, கம்பிவலை விரித்து சிமெண்ட் போட்டு, தண்ணீர் ஓட வாட்டமும் வைத்தாய். பக்கத்து யூனிட் குமாரசாமி அண்ணன், "ஏனம்மிணி, டி.வி. பொட்டிக்குள்ள வர்ற தெர்மகோலு வெய்யலத் தடுக்குமாக்கும்?" என்று சிரித்தார். இப்போது அவரே உன் விலாசம் கேட்கிறார். புண் ஆறிவிட்டது, தம்பி. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

அன்றைக்கு மழை விட்டதும் அப்பா விழித்து, "வெய்யலும் தெரியல, மழையும் ஒழுகல. அந்த ஆளுங்கள எங்க புடிச்ச கண்ணு?" என்றார். கோயமுத்தூர் ஆட்கள் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பேரையே எடுக்கக் கூடாது என்றவர் அல்லவா. அதற்கு மேல் மறைக்க மனம் வரவில்லை. நீதான் என்று சொன்னேன். வெளிப்படியிலேயே ஏறி இறங்கினாய், சோறுகூட மேலேயே சாப்பிட்டாய் என்றும் சொன்னேன்.

அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, "மேலயே நின்னுபோட்டுப் போயிட்டானா? கீழ வந்து ஒருக்கா என்னப் பாக்கோணும்னு தோணலியா?" என்றார்.

"நீங்க கூப்படலீங்களே" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் கஞ்சி கொடுக்கும்போது, "அந்தப் புள்ளைக்கு என்ன வயசாச்சு?" என்று கேட்டார். மூன்று என்றேன். நல்ல துணியாகப் பார்த்து இரண்டு பனியன் தைத்து வைக்கச் சொன்னார். குத்துமதிப்பாகத் தைத்தால் சரியாக வராது, அளவு வேண்டும் என்றேன்.

"அப்ப வந்து அளவு குடுக்கச் சொல்லு" என்றார்.

ஆடி பிறக்கும் முன் எஸ்தரையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதை மட்டும் உடனே எழுது, துணி எடுத்து வைக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நல்லா இருக்கோணும், கண்ணு.

உன் அக்கா
பூவாத்தாள்